மணி பிளான்ட்டைக் கணு பார்த்து வெட்டுங்கள், மண்ணிலேயே நடுங்கள்

எங்கள் குடியிருப்பில் மணி பிளான்ட் கேட்டு வருகிறவர்கள், "ஒரே ஒரு இலை கிள்ளிக் கொடுங்க, போதும்" என்றுதான் கேட்பார்கள். இலையை மட்டும் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய், கொடியைக் கையில் பிடிக்கச் சொல்லி, கணு எது என்று காட்டி, அந்த இடம் பார்த்து வெட்டித்தான் கொடுப்பேன். கணு இல்லாத இலையைத் தண்ணீரில் போட்டு வைத்தால் அது வாரக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். சில சமயம் காம்பின் அடியில் வேர்கூட விடும். ஆனால் அதிலிருந்து ஒரு நாளும் கொடி வராது. புதுக் கொடி கிளம்பும் முளை கணுவில் மட்டும்தான் இருக்கிறது.

இந்தச் செடிக்குப் பூர்வீகம் பசிபிக் கடலில் தாகித்தி தீவுக்குப் பக்கத்தில் இருக்கும் மோரேயா என்ற சின்னத் தீவு. தாவரவியல் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். இது பூப்பது அபூர்வத்திலும் அபூர்வம். பூப்பதற்குத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனை உண்டாக்கும் மரபணு இதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பூ இல்லையென்றால் காய் இல்லை, விதை இல்லை. ஆக, நம் வீடுகளில் இருக்கும் மணி பிளான்ட் எல்லாமே யாரோ வெட்டி, யாரோ நட்டு, கை மாறிக் கை மாறி வந்தவை. வெட்டி நடுவது ஒன்றுதான் இதைப் பெருக்கும் வழி என்பதால் அதைச் சரியாகச் செய்வது முக்கியம் என்று நினைக்கிறேன்.

கணுவைக் கண்டுபிடிப்பது

கொடியை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் தண்டு கொஞ்சம் தடித்து, சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடும். கரும்பில் கணு இருக்கிறதே, அதே மாதிரிதான். அந்த இடத்தில் மூன்று விஷயங்களைப் பார்க்கலாம். ஒன்று இலை. இரண்டாவது, காம்பு தண்டைத் தழுவி நிற்கும் இடுக்கில் ஒளிந்திருக்கும் முளை. சின்னதாக, கூராக, தண்டோடு ஒட்டியபடி இருக்கும். காம்பை லேசாக விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். மூன்றாவது, பழுப்பு நிறத்தில் மிளகு அளவுக்கு ஒரு புடைப்பு. அதுதான் காற்று வேர். சுவரிலோ மரத்திலோ ஏறிய கொடியாக இருந்தால் அது விரல் நீளத்துக்கே வளர்ந்திருக்கும்.

இந்தக் காற்று வேர்தான் நம் வேலையைப் பாதி முடித்து வைத்திருக்கிறது. வேர் பிடிக்க வேண்டிய இடம் ஏற்கெனவே தயாராக இருப்பதால், கடையில் விற்கும் வேர்த்தூண்டல் பவுடர் இதற்குத் தேவையே இல்லை. தேனில் தோய்த்து வை, பட்டைப் பொடி தடவு, கற்றாழைச் சாற்றில் முக்கு என்றெல்லாம் சொல்கிறார்கள். மணி பிளான்ட்டுக்கு இது எதுவுமே வேண்டாம். ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் போதும்.

எந்தக் கொடி, எந்த மாதம்

நுனியில் இன்னும் விரியாத இலையோடு இருக்கும் இளந்தண்டு சீக்கிரம் அழுகும். அடியில் பழுப்பேறி மரத்துப்போன பகுதி முளைவிடும், ஆனால் நிதானமாகத்தான் விடும். இரண்டுக்கும் நடுவில், பச்சையாக, உறுதியாக, ஒரு பென்சில் கனம் இருக்கும் பகுதியை எடுங்கள். இலையிடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போலத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. அந்தக் கொடியை எடுத்தால் பூச்சியையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். வேறு கொடி கேளுங்கள்.

இலையில் மஞ்சளோ வெள்ளையோ கலந்த வகை என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். துண்டில் இருக்கும் நிறம்தான் பெரும்பாலும் அதிலிருந்து வரும் கொடிக்கும் வரும். முழுப் பச்சையாகிவிட்ட பகுதியை வெட்டி நட்டால் பச்சைக் கொடிதான் கிடைக்கும். அழகாக இருக்கிறதே என்று முழு வெள்ளை இலைப் பகுதியை எடுத்தால் அது பிழைப்பது கஷ்டம். பச்சையம் இல்லாத இலையால் உணவு தயாரிக்க முடியாது. தண்டிலேயே இரண்டு நிறமும் கோடு கோடாக ஓடும் இடம் கிடைத்தால் அதுதான் நல்ல துண்டு. பச்சையில் வெள்ளை கலந்த மார்பிள் குயீன் வகையை வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மாதம் என்று கேட்டால், சென்னையில் நான் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை என்று சொல்வேன். வெயிலின் கடுமை குறைந்திருக்கும், சூடும் போதுமான அளவு இருக்கும், அவ்வப்போது ஒரு மழையும் வரும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இந்தக் கொடிக்கும் பொருந்துகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் வெட்டாதீர்கள். தாய்ச்செடியே தவித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடலாம். ஆனால் தொட்டி மழையில் நனையாத இடத்தில் இருக்க வேண்டும்.

வெட்டுவது

கத்தரிக்கோலோ புது பிளேடோ, எதுவானாலும் டெட்டால் அல்லது ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். காய்கறி வெட்டும் கத்தி வேண்டாம். இந்தச் செடியின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி மாதிரியான நுண்படிகங்கள் இருக்கின்றன. கருணைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் நறுக்கும்போது கை அரிப்பதும் இதனால்தான். மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். சிலருக்குச் சாறு பட்டாலே தோல் அரிக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தவழும் குழந்தை, பூனை, நாய் இருக்கும் வீட்டில் வெட்டிய துண்டுகளைத் தரையில் போட்டு வைக்காதீர்கள். மென்றுவிட்டால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும், எச்சில் ஒழுகும்.

கணுவின் மேலேயே கத்தியை வைக்கக் கூடாது. கணுவுக்குக் கீழே அரை அங்குலம், மேலே அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஒரு கணு, ஒரு இலை. ஒரு துண்டுக்கு அது போதும். நர்சரிகளிலும் இப்படி ஒற்றைக் கணுவாக வெட்டித்தான் நிறைய செடி எடுக்கிறார்கள். ஆனால் முதல் முறை செய்கிறவர்கள் இரண்டு கணு வைத்து வெட்டுங்கள் என்பேன். கீழ்க் கணுவின் இலையை எடுத்துவிட்டு அதை மண்ணுக்குள் புதைக்கலாம், மேல் கணு இலையோடு வெளியே நிற்கும். ஒன்று அழுகினாலும் இன்னொன்று கைகொடுக்கும். முழு நீளக் கொடியை அப்படியே வெட்டி நட வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. வேரில்லாத ஒரு தண்டால் பத்து இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழும்.

வெட்டிய துண்டுகளில் மேல் எது கீழ் எது என்று குழம்பிவிடக் கூடாது. நான் கீழ்முனையைச் சரிவாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டுவேன். அப்புறம் எத்தனை துண்டு கலந்து கிடந்தாலும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். வெட்டியவற்றை ஒரு பழைய செய்தித்தாளில் பரப்பி, நிழலில் ஒரு மணி நேரம் விட்டால் வெட்டுவாய் காய்ந்துவிடும்.

தாய்ச்செடியைப் பற்றிக் கவலை வேண்டாம். வெட்டிய இடத்துக்கு அடுத்து இருக்கும் கணுவில் புது முளை கிளம்பும். அடியில் இலையெல்லாம் கொட்டி, மொட்டையாக, நுனியில் மட்டும் நான்கு இலையோடு தொங்கும் கொடி எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். அதை வெட்டத் தயங்காதீர்கள். கொடியின் நுனி இருக்கும்வரை அது கீழே இருக்கும் முளைகளை எழ விடாது. நுனி போனால்தான் அவை விழிக்கும்.

இலையே இல்லாத மொட்டைத் தண்டும் வீணில்லை. ஈரமான தேங்காய் நார்த்தூளைக் குளிர்பானக் கடை பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் பரப்பி, ஒரு கணு வீதம் வெட்டிய தண்டுகளைப் படுக்கை வசமாக, முளை மேலே பார்க்கும்படி, பாதி புதைந்து பாதி தெரிய வைத்து மூடியைப் போட்டுவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்று காட்டினால் போதும். இலையோடு இருக்கும் துண்டைவிடத் தாமதமாகத்தான் முளைக்கும். ஆனால் முளைக்கும்.

தண்ணீரா, மண்ணா

இதில் என் கட்சி மண்தான். தண்ணீர் பாட்டிலில் வேர் விடுவதைப் பார்ப்பது சந்தோஷம், அதை மறுக்கவில்லை. குழந்தைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் தண்ணீரில் வந்த வேர் தண்ணீருக்கென்றே வளர்ந்தது. தொட்டால் ஒடியும். மண்ணுக்கு மாற்றும்போது செடி மறுபடியும் புது வேர் விட்டுப் பழக வேண்டியிருக்கிறது. முதலிலேயே மண்ணில் நட்டால் அந்த இரட்டை வேலை கிடையாது.

தண்ணீரில்தான் வைப்பேன் என்றால் சில விஷயங்கள். எங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பு. வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் வேர் முனை கருகுகிறது. நான் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துகிறேன். அதில் உப்பு கிடையாது. மழைத்தண்ணீர் இன்னும் நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. அரிசி கழுவிய தண்ணீரும் பாட்டிலுக்கு வேண்டாம். இரண்டே நாளில் நாறும், தண்டும் அழுகும். கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும், இலை வெளியே இருக்க வேண்டும். கண்ணாடி பாட்டிலில் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். ஒரு பழுப்புத் தாளைச் சுற்றிவிட்டால் சரியாகிவிடும்.

இதைவிட முக்கியமான விஷயம் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடித் தேடி முட்டையிடுவது இப்படித் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான். மாநகராட்சியிலிருந்து வீடு வீடாகப் பார்க்க வருகிறவர்கள் ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டையும் மணி பிளான்ட் பாட்டிலையும் கேட்டுப் பார்ப்பது அதனால்தான். அவர்களை உள்ளே அழைத்துக் காட்டுங்கள். முட்டை பொரிந்து கொசுவாகிப் பறக்க நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரம், பத்து நாள்தான். வாரம் தவறாமல் தண்ணீரை மாற்ற வேண்டும். கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டில் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பாட்டில் கழுவும் பிரஷ் போட்டு உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். வாயைப் பஞ்சு வைத்தோ கொசுவலைத் துண்டு கட்டியோ அடைத்துவிடுங்கள். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பாட்டிலைக் காலி செய்துவிட்டுத் துண்டை ஈர மண்ணில் குத்திவிட்டுப் போங்கள்.

வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு சாண் நீளம் வளரட்டும் என்று காத்திருந்தால் மாற்றுவது அந்த அளவுக்குக் கஷ்டமாகும். மாற்றிய முதல் இரண்டு வாரம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் நடுவது

மண் கலவைக்கு நான் எடுத்துக்கொள்வது இரண்டு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம். அதோடு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூள். செங்கல்லை உடைத்த சின்னச் சின்னத் துண்டுகள் கிடைத்தால் இரண்டு பிடி சேர்த்தால் தண்ணீர் நன்றாக வடியும். வெறும் செம்மண்ணில் நட்டால் நாளடைவில் இறுகிப்போகும்.

நார்த்தூள் கட்டியை வாங்கி ஊறவைத்து அப்படியே கலந்துவிடக் கூடாது. அதில் உப்பு இருக்கும். ஊறிய பிறகு பழைய துணியில் கட்டிப் பிழிந்து, மறுபடியும் தண்ணீர் ஊற்றிப் பிழியுங்கள். முதலில் டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வரும். அது வெளிறும்வரை அலசினால் போதும். பலருடைய துண்டுகள் காரணமே தெரியாமல் கருகுவது இந்த ஒரு வேலையை விட்டுவிடுவதால்தான் என்பது என் எண்ணம்.

ஆறு அங்குலத் தொட்டி என்றால் ஐந்து ஆறு துண்டுகள், எட்டு அங்குலத் தொங்கு தொட்டி என்றால் எட்டிலிருந்து பத்து. ஒரே ஒரு துண்டை நட்டுவிட்டு அது அடர்த்தியாக வரும் என்று காத்திருப்பவர்கள் அதிகம். மணி பிளான்ட் தானாகக் கிளை விடுவது குறைவு. ஒரு துண்டு நட்டால் ஒரு கொடிதான் நீளும். கடையில் பார்க்கும் புசுபுசுவென்ற தொட்டி எல்லாம் நிறையத் துண்டுகளை ஒன்றாக நட்டு வந்ததுதான். விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் வைத்து நடுவிலும் இரண்டு வையுங்கள்.

மண்ணை முதலில் நனைத்து, தண்ணீர் முழுக்க வடிந்த பிறகு, ஒரு பென்சிலால் குழி போட்டு, கணு ஒரு அங்குல ஆழத்தில் இருக்கும்படி வைத்து, சுற்றி விரலால் அழுத்துங்கள். காற்று வேர் நீளமாக இருந்தால் அதை ஒடித்துவிடாமல் வளைத்து மண்ணுக்குள் விட்டுவிடுங்கள். இலை மண்ணில் படக் கூடாது. படுகிற இலைதான் முதலில் அழுகும்.

வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. கிழக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் ரொம்ப நல்லது. எங்கள் பால்கனி மேற்கு. பிற்பகல் வெயில் இலையில் பழுப்புத் திட்டு போடும் என்பதால் தொட்டியைச் சுவரோரம் தள்ளி வைக்கிறேன். சென்னையில் காற்றில் ஈரம் இருப்பதால் மூடி வைக்கத் தேவையில்லை. கோவை, மதுரைப் பக்கம் வறண்ட மாதங்களில் ஒரு பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டுத் தொட்டிக்கு மேல் கவிழ்த்து வைக்கலாம்.

தண்ணீர் விடுவதற்கு நாள் கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் விட வேண்டாம், உலர்ந்திருந்தால் விடுங்கள். வேர் இல்லாத துண்டு தண்ணீர் குறைந்து சாவதைவிடத் தண்ணீர் மிகுந்து சாவதே அதிகம்.

மூன்று வாரம் கழித்து இலையைப் பிடித்து மிக லேசாக மேலே இழுத்துப் பாருங்கள். துண்டு அசையாமல் பிடித்துக்கொண்டால் வேர் இறங்கிவிட்டது. புது இலை இன்னும் சில வாரம் கழித்துத்தான் வரும். வேர் பிடித்தும் இலை வரவில்லையே என்று பிடுங்கிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். அந்தச் சமயத்தில் வேர்கள் எல்லாம் மயிரிழை கனம்தான் இருக்கும். பழைய இலை ஒன்று மஞ்சளாகி விழுந்தால் பதறாதீர்கள். தண்டு கெட்டியாகப் பச்சையாக இருந்தால் துண்டு பிழைத்துக்கொள்ளும். தண்டு கறுத்துக் கொழகொழத்தால் அதை எடுத்துவிடுங்கள், பக்கத்துத் துண்டுக்கும் பரவும். புது இலை விரியும்வரை உரம் எதுவும் வேண்டாம். அதற்குப் பிறகு மாதம் ஒரு பிடி மண்புழு உரம். அரிசி கழுவிய தண்ணீரை இப்போது எப்போதாவது தொட்டியில் ஊற்றலாம்.

வெட்டவே மனசு வராதவர்களுக்கு

பதியம் போடலாம். தாய்த்தொட்டிக்குப் பக்கத்தில் மண் நிரப்பிய இன்னொரு தொட்டியை வைத்து, கொடியை வெட்டாமலேயே அதன் மேல் படரவிட்டு, கணு மண்ணில் படும் இடத்தில் ஒரு கொண்டை ஊசியால் குத்தி நிறுத்துங்கள். தாய்ச்செடியிலிருந்து சாப்பாடு வந்துகொண்டே இருக்கும், அதே நேரத்தில் கணுவும் வேர் விடும். வேர் பிடித்தது உறுதியான பிறகு நடுவில் வெட்டிவிட்டால் தனிச்செடி. மெதுவாக வளரும் என்-ஜாய் வகைக்கும், விலை கொடுத்து வாங்கிய எந்த வகைக்கும் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

கும்பகோணத்தில் என் மாமியார் வீட்டில் தென்னை மரத்தில் ஏறிய கொடியின் இலை ஒவ்வொன்றும் வாழைச்சருகுத் தட்டு அகலம். அதிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தொங்கு தொட்டியில் வைத்தால் இலை அந்த அளவில் வருமா என்று உறவில் பலர் கேட்டிருக்கிறார்கள். வராது. மேலே ஏறும்போதுதான் இதன் இலை பெரிதாகும், கீழே தொங்கும்போது சிறிதாகும். பெரிய இலை வேண்டும் என்றால் தேங்காய் நார் சுற்றிய கம்பில் ஏற்றிவிட்டு, கம்பை ஈரமாக வைத்திருங்கள்.

வெளியூர் கொண்டுபோக, ஈரச் செய்தித்தாளில் துண்டுகளைச் சுற்றி வாழைமட்டைக்குள் வைத்துக் கட்டினால் இரண்டு மூன்று நாள் வாடாது. திருடி வைத்தால்தான் மணி பிளான்ட் வளரும் என்று சொல்வார்கள். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை. கேட்டே வாங்குங்கள். இரண்டு துண்டு சேர்த்தே தருவார்கள்.

மிஞ்சிய கொடியை வாய்க்கால் ஓரத்திலோ காலி மனையிலோ மரத்தடியிலோ வீசாதீர்கள். ஒரு கணு ஈரத்தில் பட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். இலங்கையில் கண்டி நகரை ஒட்டிய உடவத்தகெலே காட்டில் இந்தக் கொடி ஏக்கர் கணக்கில் தரையை மூடி, மரங்களின் மேலும் ஏறி, அங்கிருந்த இயற்கைச் செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கிறது. கட்டுப்படுத்த அங்கே அதற்கு எதிரியே இல்லை. வேண்டாத துண்டுகளைக் கணு கணுவாக நறுக்கி, மொட்டைமாடி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, அதற்கப்புறம் உரத்தொட்டியில் போடுங்கள்.